ரைன்ஸ்டோன்: ‘செயற்கை வைரம்’ வேண்டாமே

வணக்கம்.

உடையிலும் நகையிலும் ஒட்டும் மின்னும் கல்லான ரைன்ஸ்டோனுக்கு அகராதியில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற பேச்சில், ‘செயற்கை வைரம்’ என்று போட்டு முடித்துவிடலாம் என்பதற்கு இங்கே ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஆலையில் வளர்க்கும் வைரம் வைரமேதான். கரிம அணுக்களால் ஆனது, கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் உச்சமான 10. ரைன்ஸ்டோனோ வெறும் கண்ணாடி. அதே அளவுகோலில் ஐந்து, ஐந்தரை தேறும், மணல் உரசினாலே கீறல் விழும். கடைகளில் அமெரிக்கன் டயமண்ட், ஏ.டி. கல் என்று விற்கிறார்களே, அது சிர்க்கோனியம் ஆக்சைடுப் படிகம். அதுவும் தனி. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் அகராதியை நம்பி நகை வாங்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

‘போலி வைரம்’ என்பதும் ஒட்டவில்லை. ஹேர்கிளிப்பில் ஒட்டிய ரோஸ் கலர் கல்லை வைரம் என்று சொல்லி யார் விற்கிறார்கள்?

‘ரைன் கல்’ என்று ஒலிபெயர்க்கலாமே என்றார் ஒருவர். முதலில் அந்தப் பெயர் ரைன் ஆற்றங்கரையில் கிடைத்த படிகக் கூழாங்கற்களுக்கு உரியது. அவை இயற்கைக் கற்கள். கண்ணாடியில் வைரத்தின் ஜொலிப்பைக் கொண்டுவந்து பேர் வாங்கியவர், ஸ்ட்ராஸ்பூர் பக்கமிருந்து பாரிஸுக்குப் போன நகைக்காரர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ். ஈயம் கூடிய கண்ணாடியில் அவர் செய்த கற்கள் பிரெஞ்சு அரசவை வரை போயின; 1734இல் அரசரின் நகைக்காரர் என்ற பட்டமும் கிடைத்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இந்தக் கல்லுக்கு இன்றும் ‘ஸ்ட்ராஸ்’ என்றுதான் பெயர். பக்கத்து ஊர்க்காரர்களே விட்டுவிட்ட ஆற்றை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

பெயர் வைக்குமுன் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.5 அளவில் இருக்கும். ஈயம் சேர்த்தால் 1.6, 1.7 என்று ஏறும், நிறங்களும் நன்றாகப் பிரியும். வைரத்துக்கு அது 2.42. அதனால் வைரத்துக்குள் போன ஒளி அடிப்பட்டைகளில் மோதிப் பெரும்பாலும் மேலேயே திரும்பி வந்துவிடுகிறது. கண்ணாடியில் பாதி வழியிலேயே பின்பக்கமாக நழுவிவிடும். அதைத் தடுக்கத்தான் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூசுவதுபோல் அடியில் ரசம் பூசுகிறார்கள். வியர்வையும் தண்ணீரும் இறங்கி ரசம் போனால் கல் மங்கிக் கறுத்துவிடும். பழைய கவரிங் தோட்டில் பார்த்திருப்பீர்கள். ஆக கண்ணாடி, பட்டை, பெரும்பாலும் ரசம், இவை சேர்ந்ததுதான் ரைன்ஸ்டோன். ஈயம் கட்டாயமில்லை. இந்தக் கற்களுக்குப் பேர்போன ஆஸ்திரிய நிறுவனம் ஸ்வரோவ்ஸ்கியே 2012இல் ஈயமில்லாக் கலவைக்கு மாறிவிட்டது.

அந்த நிறுவனத்தைச் சொல்லாமல் இந்தக் கல்லைப் பற்றிப் பேச முடியாது. பொஹிமியாவில் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, கண்ணாடியைப் பட்டை தீட்டும் இயந்திரத்துக்கு 1892இல் காப்புரிமை கேட்டார். 1895இல் நீர்மின்சாரத்துக்கு வசதியான ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியிலுள்ள வாட்டன்ஸ் ஊருக்குப் போய்த் தொழில் தொடங்கினார். கையால் தீட்டிய காலத்தில் ஒரே அளவில் இத்தனை பொடிக் கற்களை நினைத்துப் பார்க்கவே முடியாது. கல் நகையைத் தாண்டித் துணிக்கு வந்தது இந்த வசதியால்தான்.

சரி, ‘ரசக்கல்’ என்றே வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. சின்னச் சொல். ஆனால் சித்த மருத்துவக்காரர்கள் பாதரசத்தைக் கட்டிச் செய்யும் ரசமணி குறுக்கே நிற்கிறது. பாதரசம் என்று எண்ணிப் பயப்படுவார்கள். ரசம் பூசாத வகையும் உண்டு. ‘பளிங்குக்கல்’ மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பளிக்கறை (பளிங்கு அறை) வரை போகிற அழகான சொல், இன்றைக்கோ அது தரையில் பதிக்கும் மார்பிள். ‘படிகம்’ அறவே கூடாது. கடைக்காரர் கிரிஸ்டல் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், கண்ணாடியில் படிக அமைப்பே கிடையாது. ‘ஒளிர்கல்’ என்றால் தானாக ஒளி விடுவது போலாகிவிடும்.

என் பரிந்துரை ‘மினுக்கல்’. மினு என்ற அடியோடு கல். மினுக்குதல் என்ற வினையின் பெயரோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். வேற்றுமை ஏறியதும் பிரிந்துவிடும்: அது மினுக்கலை, இது மினுக்கல்லை, பன்மை மினுக்கற்கள். அதுவும் போதாது என்பவர்கள் ‘மினுக்குக்கல்’ என்று எழுதிக்கொள்ளலாம். ‘மினுக்கிக்கொண்டு திரிகிறாள்’ என்பதில் உள்ள கேலி இதிலும் ஒட்டும் என்று ஒரு தோழி தனிமடலில் எழுதினார். ஒட்டட்டுமே. மேடை உடைகளுக்கான கல், கொஞ்சம் பகட்டு வாடை அடித்தால் பாதகமில்லை.

கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன. துணியில் சூடு வைத்து ஒட்டுவது ஒட்டு மினுக்கல், ரசம் பூசாதது ரசமிலா மினுக்கல். ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ‘ஸ்டோன்’ என்றே சொல்லிச் சமாளிக்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவும். அடி தட்டையாக உள்ளதைத் தட்டடி, கூராக உள்ளதைக் கூம்படி என்று குறித்து வைத்திருக்கிறேன். கூம்படி காதுக்கு அவ்வளவாக இனிக்கவில்லை. நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள், சேர்த்தே பதிவில் ஏற்றிவிடலாம்.