எஞ்சின் வச்ச சைக்கிள்ல வெள்ளை வயர்ல இருந்து லைட் எடுக்கலாமா?

பத்துகாணி பால்வெட்டு:
அண்ணமாரே, எனக்க பழைய சைக்கிள்ல 48 சிசி டூ-ஸ்ட்ரோக் கிட் மாட்டி எட்டு மாசம் ஆச்சு. வெளுப்பாங்காலம் மூணரைக்கு இறங்குனாதான் வெள்ளறடை பக்கம் தோட்டத்துல நேரத்துக்கு ரப்பர் வெட்ட முடியும். தலையில கட்டுற டார்ச்சு மரத்துக்குக் கொள்ளாம், ரோட்டுக்குப் பத்தாது.

எஞ்சின்ல இருந்து மூணு வயர் வருது. நீலமும் கருப்பும் சிடிஐக்கு, அதான் பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்குற பெட்டிக்குப் போகுது. வெள்ளை சும்மா கிடந்துது, லைட்டுக்கு உள்ளதுன்னு சொன்னாங்க. 6 வோல்ட் 3 வாட் பல்பு கொடுத்தேன். ஸ்லோவுல மஞ்சளா மங்கும், முறுக்குனா பளீர்னு வெளுக்கும். ரெண்டாம் நாள் இறக்கத்துல கண்ணாடி உள்பக்கம் கருத்து பல்பு போயிட்டு. பிறகு பழைய ஸ்கூட்டர் பல்பு, 12 வோல்ட் 35 வாட் போட்டேன். இப்ப ஏத்தத்துல லைட்டைப் போட்டதும் எஞ்சின் மிஸ் ஆகுது. ஆஃப் பண்ணுனா இழுக்குது. இருட்டுல, வளைவுல, லைட்டா எஞ்சினான்னு நான் முடிவு பண்ண வேண்டியிருக்கு. மழையும் துவங்கியாச்சு.

குழித்துறை:
வோல்ட் கூடாமப் பிடிக்கிற ரெகுலேட்டர் ஒண்ணு போடுங்க, பல்பு போகாது.

மார்த்தாண்டம் வைண்டிங்:
ரெகுலேட்டர் பல்பைத்தான் காக்கும், ஸ்பார்க்கைக் காக்காது. தம்பி, முதல்ல வெள்ளை வயரைக் கழற்றி நுனியில டேப் சுத்து. செம்பு வெளிய தெரிஞ்சு பாடியில தொட்டா எஞ்சின் நின்னாலும் நின்னுரும்.

பழைய மொபெட் மேக்னெட்டோவுல, அதான் எஞ்சின் சுத்தும்போது கரண்ட் உண்டாக்குறதுல, லைட்டுக்குன்னு தனிக் காயில் உண்டு. உனக்க கிட்டுல இருக்கது ஒரே காயில். ஸ்பார்க்குக்குப் போற அதுல இருந்தே ஒரு கிளை இழுத்து வெள்ளையா வெளிய விட்டிருக்கான். அதுல லோடு ஏத்த ஏத்த சிடிஐக்குப் போறது குறையும். ஏத்தத்துல சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், அப்பதான் பிளக்குக்கு நல்ல ஸ்பார்க் வேணும். அந்த நேரம் பார்த்து 35 வாட் பல்பு குறுக்க நிக்குது.

டயர்ல உரசுற டைனமோவும் 6 வோல்ட் 3 வாட்தான். சக்கரம் சுத்துனா போதும், எஞ்சினைத் தொடாது. ஆனா நம்ம ஊர் மழையில நனைஞ்ச டயர்ல வழுக்கும். அதனால நான் சொல்றது பேட்டரி. எமர்ஜென்சி லைட்டுக்குள்ள இருக்குமே, 6 வோல்ட் 4 ஏஎச் (ஆம்பியர் மணி), அது. 3 வாட் எல்இடி அரை ஆம்பியர் இழுக்கும். கணக்குக்கு எட்டு மணி நேரம், அஞ்சுன்னு வச்சுக்க. உனக்குத் தாராளம். எஞ்சினை ஆஃப் பண்ணி இறங்குனாலும் வெளிச்சம் இருக்கும். டெய்லி வீட்டுல சார்ஜ் போடு.

பழைய ட்யூபை வெட்டி பேட்டரியைச் சுத்திக் கட்டு. இந்த எஞ்சின் அதிர்ற அதிர்வுல சால்டர் வச்ச இடத்துலயே வயர் ஒடியும். அதனால ஒவ்வொரு முனையிலயும் விரல் சுத்தளவு வயரைத் தளர விடு. பிளஸ்ல 1 ஆம்பியர் ஃபியூஸ் மறக்காத.

களியக்காவிளை:
லைட்டு கிடக்கட்டும் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28) படி 25 சிசிக்கு மேல எஞ்சின் இருந்தா அது மோட்டார் வாகனம். ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேணும். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். யாரையாவது இடிச்சா உனக்க குடும்பம்தான் கட்டணும். அதை நினைச்சுதான் சொல்றேன்.

பத்துகாணி பால்வெட்டு:
வைண்டிங் அண்ணே, வெள்ளை வயரை டேப்புல அடைச்சாச்சு. பேட்டரி சீட்டுக்குக் கீழ. இன்னைக்கு மழையில லைட்டோட ஏத்தம் ஏறுனேன், ஒரு மிஸ் இல்ல. களியக்காவிளை அண்ணன் சொன்னதை வீட்டுல பேசினோம். எஞ்சினை இறக்கிட்டு பழைய மொபெட் ஒண்ணு ஆர்சியோட பார்க்கப் போறோம். அதுவரைக்கும் மிதிதான், லைட்டு சைக்கிள்லயே இருக்கட்டும். பின்னால சிவப்பு லைட்டும் இதே பேட்டரியில இழுக்கலாமா?

மார்த்தாண்டம் வைண்டிங்:
இழுக்கலாம். ஃபியூஸுக்குப் பிறகு எடு.