வாய் கோணி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால்?

கேள்வி:
திடீரென வாய் ஒரு பக்கம் கோணி, நாக்கு குழறி, பத்தே நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டால் காலை வரை பொறுக்கலாமா? பக்கவாதமா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
பொறுக்கக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கலாம், டிஐஏ (தற்காலிகப் பக்கவாதம்) என்பார்கள். அடுத்து பெரிய அடைப்பு வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பார்ப்பதற்கு: பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் 10 நொடி நீட்டச் சொல்லுங்கள். கை தொப்பென்று விழ வேண்டியதில்லை. ஒரு கையின் உள்ளங்கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கை லேசாகத் தாழ்ந்தாலே சந்தேகம்தான். பிறகு ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் ஆம்புலன்ஸ்.

பதில் 2:
மூன்றும் சரியாக இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். மூளையின் பின்பகுதியில் அடைப்பு என்றால் திடீர்த் தள்ளாட்டமும், ஒன்று இரண்டாகத் தெரிவதும் மட்டுமே இருக்கலாம். பித்த மயக்கம் என்று படுக்க வைத்துவிடுவார்கள், நேரம் போய்விடும். இதுவரை வந்தேயிராத கடுமையான தலைவலி சட்டென்று வந்தால் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

கேட்டவர்:
ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

பதில் 3:
வேண்டாம். அடைப்பா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். கசிவு என்றால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். பிரஷர் மாத்திரையும் கொடுக்காதீர்கள். அடைப்பு இருக்கும்போது ரத்த அழுத்தத்தைத் தடாலடியாக இறக்கினால், தத்தளிக்கும் மூளைப்பகுதிக்குப் போகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் குறையும். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குளுக்கோமீட்டர் கையருகே இருந்தால் சர்க்கரை பாருங்கள்; தாழ்சர்க்கரையும் அச்சு அசலாக இப்படியே காட்டும்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போனது: நேரம். எப்போது கவனித்தீர்கள் என்பதல்ல, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே கணக்கு. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை வராமல் எழுந்தால், 10 மணி என்றுதான் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். அது தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், ஸ்கேன் பார்த்துத் தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கிறார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அட்டையையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு விழுங்கினார் என்று கேட்பார்கள்.