வியாழன், சனி சேர்க்கை: இருபது ஆண்டுக்கு ஒருமுறையா, நானூறு ஆண்டுக்கு ஒருமுறையா?

கேள்வி:
2020 டிசம்பர் 21 அன்று மாலை, தென்மேற்கு வானில் வியாழனும் சனியும் மிக நெருங்கி நின்றதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரியும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். எனக்கோ தனித்தனியாகவே தெரிந்தன. இச்சேர்க்கை இருபது ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வது என்று நூல்களிலும், நானூறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது என்று அன்றைய செய்திகளிலும் படித்தேன். எது சரி? 2040இல் அதே காட்சியை என் மகளுக்குக் காட்ட முடியுமா?

பதில் 1:
இரண்டுமே சரிதான். வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 11.9 ஆண்டுகளும் சனி 29.5 ஆண்டுகளும் எடுத்துக்கொள்வதால், விரைந்து செல்லும் வியாழன் சனியை எட்டிப்பிடித்துக் கடந்துபோக ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 19.9 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவற்றின் பாதைகள் ஒரே தளத்தில் இல்லை. பூமியின் பாதைத் தளத்தோடு ஒப்பிட்டால் வியாழனுடையது 1.3 பாகையும் சனியுடையது 2.5 பாகையும் சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் ஒரு பாகையை ஒட்டிய இடைவெளி விட்டே ஒன்றையொன்று கடக்கின்றன. அவ்விரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் திசைக்கு அருகே சந்திப்பு நேரும்போதுதான் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். 2020இல் அது 6 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை), அதாவது முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1623இல் இதைவிடச் சற்று நெருக்கமான சேர்க்கை அமைந்தது. ஆனால் அது சூரியனின் ஒளிக்கு மிக அருகில் நிகழ்ந்ததால் காண்பது அரிதாக இருந்திருக்கும். ஆகவே வெறுங்கண்ணால் நன்கு காணத்தக்க முந்தைய நெருக்கம் 1226 மார்ச்சில் வந்ததையே குறிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

பதில் 2:
தங்கள் கண்ணில் குறை எதுவும் இல்லை, ஐயா. நல்ல பார்வை உடையவர் ஒரு கலை இடைவெளியையே பிரித்தறிய முடியும். திருமணத்தில் காட்டப்படும் அருந்ததிக்கும் வசிட்டருக்கும் இடையே 12 கலை இருக்கிறது. அன்று கோள்கள் நின்றது அதில் பாதித் தொலைவில். சனியைவிட வியாழன் பத்து மடங்குக்கு மேல் பிரகாசமாக இருந்ததால்தான் சிலருக்கு இரண்டும் கலந்து தெரிந்தன. தொலைநோக்கியிலோ காட்சியே வேறு: வியாழனின் பட்டைகளும், அதன் நான்கு பெரிய நிலவுகளும், சனியின் வளையமும் ஒரே பார்வைப் புலத்துக்குள் அடங்கின. உண்மையில் அப்போது அவற்றுக்கிடையே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருந்தது. பூமியிலிருந்து பார்க்கும் கோட்டில் முன்னும் பின்னுமாக அமைந்ததே நெருக்கமாகத் தோன்றியது.

பதில் 3:
பஞ்சாங்கம் பார்த்து வானத்தைத் தேடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஜாதகக் கட்டத்தில் ஒரே ராசியில் இருக்கும் கோள்கள் சேர்ந்திருப்பதாகக் கொள்ளப்படும். ராசி ஒன்றுக்கு 30 பாகை என்பதால், அவை வானில் வெகுதூரம் விலகியும் நிற்கலாம்.

பதில் 4:
2040 அக்டோபர் இறுதியில், விடியலுக்கு முன் கிழக்கில் இரண்டும் தெரியும். இடைவெளி ஒரு பாகைக்குச் சற்று மேல், அதாவது நிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு. 2020ஐ ஒத்த நெருக்கம் 2080 மார்ச் 15 அன்றுதான் வரும். மகளுக்குக் காட்ட அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளியும் வியாழனும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை நெருங்குகின்றன. 2023 மார்ச் தொடக்கத்தில் அரைப் பாகை இடைவெளியில் மேற்கு வானில் நின்றன. வானின் மிகப் பிரகாசமான இரு கோள்கள் என்பதால், நகரத்து விளக்கொளியிலும் மொட்டைமாடியிலிருந்தே காணலாம். சேர்க்கை நாளன்று மட்டும் பார்க்காமல், ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அதே நேரத்தில் பார்க்கச் செய்யுங்கள். இடைவெளி நாளுக்கு நாள் குறைந்து, பிறகு விரிவதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.