நண்பர்கள் பதிவே கண்ணில் படுவதில்லை, பழையபடி நேர வரிசையில் பார்க்க முடியுமா?

கரிசல்மண்:
ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் இதே கதைதான். பத்து பதிவு தள்ளினால் தெரிந்தவர் போட்டது ஒன்று தேறுவதே பெரிய விஷயம். மீதியெல்லாம் விளம்பரம், முன்பின் தெரியாதவர் சமைக்கும் ரீல்ஸ். காதுகுத்து முடிந்து நாலு நாள் கழித்து ஃபோட்டோ வருகிறது. எப்போதிலிருந்து இப்படி? செட்டிங் ஏதாவது உண்டா?

ஸ்க்ராப்புக்_காலம்:
உண்டு, ஆனால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இன்ஸ்டாவில் முகப்பின் மேலே உள்ள இன்ஸ்டாகிராம் பெயரைத் தொடுங்கள். ‘ஃபாலோயிங்’, ‘ஃபேவரிட்ஸ்’ என்று இரண்டு வரும். ஃபாலோயிங்கில் நீங்கள் பின்தொடர்பவர்கள் மட்டும், புதியது முதலில். ஃபேவரிட்ஸில் 50 கணக்கு வரை சேர்க்கலாம்; வீட்டு ஆட்களை அதில் போடுங்கள். ஒரே தொல்லை, ஆப்பை மூடித் திறந்தால் பழைய முகப்புக்கே போய்விடும், நிரந்தரமாக வைக்க வழியில்லை. செட்டிங்ஸில் ‘கன்டென்ட் ப்ரிஃபரன்ஸஸ்’ போய், பரிந்துரைப் பதிவுகளை 30 நாளைக்கு ஸ்னூஸ் செய்யலாம், அதாவது அதுவரை வராமல் நிறுத்தி வைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் மூன்று கோட்டு மெனு, ‘ஃபீட்ஸ்’, அதற்குள் ‘ஃப்ரெண்ட்ஸ்’.

வடக்குவாசல்:
எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு: ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் ஒருவரைப் பற்றித் தெரிய அவர் பக்கத்துக்கே போய், மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் ஸ்க்ராப்புக்கைத் திறக்க வேண்டியிருந்தது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் கொண்டுவந்து, எல்லோர் சேதியையும் ஒரே இடத்தில் கொட்டியது. அப்போது அதை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் ஏராளம். 2016-ல் இன்ஸ்டா நேர வரிசையை எடுத்தது. ஆனாலும் அதுவரை வரிசைதான் மாறியது, ஆட்கள் மாறவில்லை. ஆட்களையே மாற்றியது டிக்டாக்: யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை, எந்த வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதுதான் முக்கியக் கணக்கு. 2020 ஜூன் 29-ல் இந்தியாவில் அதற்குத் தடை. அடுத்த மாதமே இங்கே ரீல்ஸ் வந்துவிட்டது. பிடிக்காத ரீலைத் திட்டிக்கொண்டே முழுசாகப் பார்த்தாலும் ‘பார்த்தார்’ என்றுதான் பதிவாகும். சட்டென்று தள்ளுங்கள், அல்லது மூன்று புள்ளியைத் தொட்டு ‘நாட் இன்ட்ரஸ்டட்’ கொடுங்கள்.

மழைக்காகிதம்:
செட்டிங் மாற்றியும் ஏமாற வாய்ப்பு உண்டு. நிறைய பேர் இப்போது முகப்பில் பதிவே போடுவதில்லை. 2016-ல் இன்ஸ்டா ஸ்டோரியும் 2017-ல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வந்தபின் வீட்டு விசேஷமெல்லாம் 24 மணி நேரத்தில் மறையும் இடத்துக்கும் குடும்பக் குரூப்புக்கும் போய்விட்டது. இல்லாத பதிவை எந்த வரிசையும் காட்டாது.

இன்னொன்று. முந்நூறு செய்திப் பக்கங்களைப் பின்தொடர்ந்துகொண்டு நேர வரிசைக்கு மாறினால் நாள் முழுக்க செய்திதான் ஓடும். தங்கச்சி போட்ட படம் அடியில் புதைந்துவிடும். முதலில் பக்கங்களைக் களையெடுங்கள். நண்பர் பட்டியலில் உள்ள தொல்லைக்கு அன்ஃப்ரெண்ட் தேவையில்லை, அன்ஃபாலோ போதும். அவருக்குத் தகவல் போகாது, மனஸ்தாபமும் வராது.

கரிசல்மண்:
ஃபேவரிட்ஸில் சேர்த்தால் அவர்களுக்குத் தெரியுமா?

ஸ்க்ராப்புக்_காலம்:
தெரியாது. எடுத்தாலும் தெரியாது.