உதவி: குடும்பப் பேர பேண்டுக்கு வச்சோம், பாட்டு வேற யாரோ பேஜ்ல கெடக்கு

மூக்கையூர்_ட்ரம்ஸ்:
அண்ணே வணக்கம். நாங்க நாலு பேரு, மூக்கையூர்ல ராக் பேண்ட். கிட்டார், பேஸ் ரெண்டும் அண்ணன் தம்பி, அவங்க குடும்பப் பேரு கோமஸ், அதையே பேண்டுக்கும் வச்சிட்டோம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில கெடந்தப்ப உக்காந்து ரெண்டு பாட்டு ரெக்கார்ட் பண்ணி போன வாரம் பாட்டு ஆப்ல ஏத்துனா, ரெண்டும் வெள்ளக்காரங்க போட்டோ இருக்க இன்னொரு கோமஸ் பேஜ்ல போயிருச்சு. எங்க ஊரு யாகப்பர் திருவிழாவுக்குள்ள சரி பண்ணணும், என்ன செய்ய?

பாம்பன்_பேஸ்:
தம்பி அவசரப்பட்டு டெலீட் பண்ணிராத. ஏத்துறப்ப 'புது ஆர்டிஸ்ட்'ன்டு ஒரு எடம் வந்திருக்கும், அத விட்டுருப்பீங்க, பேர மட்டும் பாத்து பழைய பேஜ்ல சேத்துருச்சு. டிஸ்ட்ரிபியூட்டர், அதான் உங்க பாட்ட ஆப்புக்கு அனுப்புற கம்பெனி, அவங்க சப்போர்ட்டுக்கு ரெண்டு பாட்டோட லிங்க், ஐஎஸ்ஆர்சி நம்பர் (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் இருக்க தனி நம்பர்), தப்பா போன பேஜ் லிங்க் மூணையும் அனுப்பி தனி ஆர்டிஸ்ட் ஐடி கேளு. அடுத்த பாட்டெல்லாம் அந்த ஐடியில ஏத்து.

கீழக்கரை_கேசட்:
அது இங்கிலாந்து சவுத்போர்ட்காரங்க கோமஸ் பேண்டா இருக்கும், 1998ல மெர்குரி பரிசு, அதான் அங்க நல்ல ஆல்பத்துக்குக் குடுக்குறது, அத வாங்குனவங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரு கெடையாது, கூட்டாளி ஒருத்தரோட பேரு. தனி பேஜ் கெடச்சாலும் தேடுனா அவங்கதான் மொதல்ல வருவாங்க, பேர மாத்திருங்க. அமெரிக்க ராக் பேண்ட் வான் ஹேலன்ல எட்டியும் அலெக்ஸும் அண்ணன் தம்பிதான், மொதல்ல பேண்டுக்கு மேமத்ன்டு வச்சிருந்தாங்க, அதே பேருல இன்னொரு பேண்ட் இருக்குன்டு தெரிஞ்சுதான் 1974ல வீட்டுப் பேரான வான் ஹேலனுக்கு வந்தாங்க. அது அபூர்வமான பேரு, கோமஸ் நம்ம கடக்கரையிலயே எத்தன வீடு!

மூக்கையூர்_ட்ரம்ஸ்:
பேர விட மனசு வரலண்ணே. அவங்க தாத்தா கோயில் பேண்டு செட்டுல ட்ரம்பெட் வாசிச்சவரு, அவர நெனச்சு வச்சது.

தங்கச்சிமடம்_கீபோர்ட்:
அப்ப விடாத, முன்னாடி ஊர் பேரச் சேத்துக்க. ஆனா ஒண்ணு, பேரு யாருக்குன்டு இப்பவே எழுதிக்கங்க. இங்கிலாந்து பேண்ட் ஒண்ணுல ட்ரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் ஜான் மெக்வீ ரெண்டு பேரு பேரையும் சேத்து ஃப்ளீட்வுட் மேக்ன்டு வச்சது கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன், அவரு 1970ல போயிட்டாரு, பேருக்குரியவங்க இருந்ததால பேண்ட் ஓடுச்சு. அப்புறம் 1974ல மேனேஜரே பேரு எனக்குத்தான்ன்டு வேற ஆளுங்கள அதே பேருல அமெரிக்கா டூருக்கு அனுப்பிட்டாரு, கோர்ட்டு வரைக்கும் போச்சு. நாளைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வெளிநாடு போயிட்டா நீங்க ரெண்டு பேரு எந்தப் பேருல வாசிப்பீங்க?

மூக்கையூர்_ட்ரம்ஸ்:
அண்ணே பாட்டு பிரிஞ்சு வந்திருச்சு, மெயில் போட்டு நாலு நாள் ஆச்சு. மூக்கையூர் கோமஸ்ன்டு மாத்தியாச்சு, தேடுனா நாங்கதான் வர்றோம், பேஜ்ல தாத்தா ட்ரம்பெட்டோட நிக்கிற போட்டோவ வச்சிட்டோம். பேரு விஷயம் பேசி எழுதியாச்சு, மூணு பேரு கையெழுத்துப் போட்டுட்டோம், அண்ணன் தம்பில மூத்தவரு கடலுக்குப் போயிருக்காரு, வந்ததும் வாங்கிருவோம்.