மரக்கட்டிலில் யூரின் பை நிற்கவில்லை, கொக்கி செய்ய யோசனை சொல்லுங்கள்

மஞ்சக்காட்டான், கோபி:

வணக்கங்க. அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் அடைப்பு. மூத்திரம் வடிய கதீட்டர் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆபரேஷன் தேதி வரும்வரை டியூபோடுதான் இருக்க வேண்டும். டியூபில் ஒன்றும் தொந்தரவில்லை. பையை எங்கே மாட்டுவது என்பதில்தான் வீடே அல்லாடுகிறது.

பையோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் கொக்கி ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் குழாய்க்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில். பக்கப்பலகை ஒன்றரை அங்குலக் கனம், ஆறு அங்குல அகலம். கொக்கி அதன் மேல் உட்காரவே மாட்டேன் என்கிறது. கட்டில் காலில் நாடா போட்டுக் கட்டினோம். பை நிறைய நிறைய நாடா வழுக்கி இறங்கி, விடிவதற்குள் பை தரையில் உட்கார்ந்துவிடுகிறது. பலகையில் ஆணி அடிக்கலாம் என்கிறார் மச்சான். தேக்கில் ஆணியா என்று அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அளவு: தரையிலிருந்து பலகையின் மேல்விளிம்பு 19 அங்குலம், கீழ்விளிம்பு 13. அதற்கு மேல் மெத்தை. பை 2 லிட்டர். கம்பியில் கொக்கி வளைத்து வாங்கலாம் என்றிருக்கிறேன். என்ன கம்பி, என்ன வடிவம், எந்த இடம்? இன்னொன்று, மதியம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில்தான் படுப்பேன் என்று அடம். அது இதைவிடத் தாழ்வு.

சென்னிமலைத் தறி:

எதுக்குங்க இவ்வளவு பாடு? சலைன் ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றை எடுத்துக் கட்டிலோரம் நிறுத்தி மாட்டிவிடுங்க. உயரம் ஏற்றி இறக்கலாம், சக்கரமும் இருக்கும்.

வார்டு அக்கா, ஈரோடு:

சலைன் ஸ்டாண்டில் மாட்டவே கூடாது தம்பி. சலைன் மேலிருந்து உள்ளே இறங்க வேண்டியது. இது உள்ளிருந்து கீழே இறங்க வேண்டியது. பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாக இருக்கணும், படுத்தாலும் உட்கார்ந்தாலும் நடந்தாலும். உயர்ந்தால் பையிலும் டியூபிலும் நிற்கும் பழைய மூத்திரம் திரும்ப உள்ளே போகப் பார்க்கும். பல பைகளில் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருக்கிறது, ஆனால் டியூபில் நிற்பதை அது தடுக்காது. அந்த வழியாகத்தான் கிருமி ஏறும், குளிர்காய்ச்சல் வரும்.

கோபித் தம்பிக்கு: நீங்கள் கொக்கியை மட்டும் யோசிக்கிறீர்கள். வேலை இரண்டு. பையின் எடையைத் தாங்குவது ஒன்று, டியூப் இழுபடாமல் காப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கொக்கியின் தலையில் கட்டாதீர்கள்.

கதீட்டரை உள்ளே பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன பலூன்தான். வழக்கமாக 10 மில்லி அளவுக்குத் தண்ணீர் ஏற்றியிருப்போம். டியூப் வெடுக்கென்று இழுபட்டால் ஊதிய பலூன் அப்படியே வெளியே வரப் பார்க்கும். மூத்திரக்குழாய் கிழிந்து ரத்தம் கொட்டும். புராஸ்டேட் வீங்கியவருக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் டியூபை முதலில் தொடையில் பிடிக்க வேண்டும், காலை நீட்டி மடக்கக் கொஞ்சம் தொய்வு விட்டு. அதற்கப்புறம்தான் கொக்கி. வீடுகளில் நான் பார்ப்பது நேர்மாறு: பையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள், தொடையில் ஒரு பிளாஸ்டர்கூட இருக்காது. ராத்திரி பெரியவர் மறந்துபோய் எழுந்து நடப்பார். பை கட்டிலோடு நிற்கும், பெரியவர் நடப்பார். நடுவில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொக்கி உறுதியாக இருக்கட்டும், ஆனால் பை கழலக்கூடியதாக இருக்கணும்.

கணபதி வெல்டிங்:

அக்கா சொன்னது எனக்குப் புது விஷயம். நான் முதலில் பூட்டு வைத்த கொக்கி சொல்ல வந்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன்.

25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டெயின்லெஸ் பட்டை எடுத்துக்கொள்ளுங்க, 304 கிரேடு போதும். கோவைக்கு வந்தால் குறிச்சி சிட்கோ பக்கம் வெட்டுத் துண்டு கிடைக்கும், ஈரோட்டிலும் பழைய இரும்புக் கடையில் தேடலாம். பலகையின் மேல் கவிழ்த்த மாதிரி ப வடிவத்தைத் தலைகீழாக வளைக்கணும். உள்வாய் 38 மில்லி பலகைக்கு 42 வையுங்க, மிச்சத்துக்குச் சைக்கிள் டியூப் வெட்டி உள்ளே ஒட்டினால் தேக்கும் கீறாது, கொக்கியும் வழுக்காது. ஸ்டெயின்லெஸ் வளைத்துவிட்டால் கொஞ்சம் திரும்ப விரியும். அதனால் வைஸில் 90 டிகிரிக்கு நாலைந்து டிகிரி கூடவே தட்டணும். இது தெரியாத பையனிடம் கொடுத்தால் வாய் அகலமாகி லொடலொடவென்று ஆடும்.

மெத்தைப் பக்கக் கால் 5 சென்டிமீட்டர் போதும். வெளிப்பக்கக் கால்தான் முக்கியம், 10 சென்டிமீட்டர் வையுங்க. பை பலகையிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது, நிறைந்தால் 2 கிலோ என்று வையுங்க. கொக்கியைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் 8 கிலோ-சென்டிமீட்டர். கால் 10 சென்டிமீட்டர் இருந்தால் அதன் நுனி பலகையை ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் அழுத்தும், பேசாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் கால் வைத்தால் அதே திருப்பத்துக்கு 4 கிலோ. மேலே தூக்கிக்கொண்டு கொக்கி கழன்றே வந்துவிடும். ஆணியே வேண்டாங்க, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டையின் வெளிப்பக்கத்தில் இரண்டு முளை வெல்டு வைக்கணும், 5 மில்லி கம்பி. பையின் மேலே இரண்டு கண் இருக்கும் பாருங்க, வெள்ளைக் கொக்கி கோர்ப்பது அதில்தான். கண்ணுக்குக் கண் தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் பையை அளந்து அந்தத் தூரத்தில் வையுங்க. பட்டை அகலம் பத்தாது, குறுக்கே ஒரு கம்பி வைத்து அதில் முளை வரும். வெள்ளைக் கொக்கியைக் கழற்றிவிட்டு நேராகக் கண்ணிலேயே மாட்டலாம். முளை நுனி 25 மில்லி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கட்டும், பூட்டு வேண்டாம். கீழே இழுத்தாலும் பக்கவாட்டில் இடித்தாலும் விழாது. அப்பா எழுந்து டியூப் மேலே இழுத்தால் மட்டும் தூக்கிக்கொண்டு கழலும். எல்லா நுனியும் உருட்டி பஃப் அடிக்கணும், பை கிழியக்கூடாது.

உயரக் கணக்கு நீங்களே போடுங்க. கண்ணிலிருந்து கீழ்த்திறப்பு நுனி வரை எவ்வளவு?

மஞ்சக்காட்டான்:

அளந்தேன் அண்ணா, 14 அங்குலம். வெள்ளைக் கொக்கியோடு சேர்த்தால் 16க்கு மேல் போகிறது. பலகை விளிம்புக்கு ஓரங்குலம் கீழே முளை வந்தால் 18ல் 14 போக 4 அங்குலம் மிஞ்சும். கீழே துடைப்பமும் மாப்பும் போகிற அளவுக்கு இடம் கிடைக்கிறது.

ஒரு சந்தேகம். கட்டில் உயரத்தையே கூட்டினால் இன்னும் நல்லதா? நான்கு காலுக்கும் கட்டை வைக்கச் சொல்கிறார் மச்சான்.

வார்டு அக்கா:

வேண்டாம். அப்பா கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியணும். கால் தொங்கினால் இறங்கும்போது விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் பை கதை மறந்துபோய்விடும். 4 அங்குலம் தாராளம்.

த்ரீடி பிரிண்ட் பையன்:

நான் பிரிண்ட் எடுத்தே தருகிறேன் அண்ணா, பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கணபதி வெல்டிங்:

தம்பி, பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகும். ஜன்னலோரம் சித்திரை வெயில் விழும் கட்டில் என்றால் நம்ப முடியாது. வெயிலே இல்லாவிட்டாலும் ராப்பகல் எடை தொங்கினால் மெல்ல வளைந்துகொண்டே போகும். அந்த வரிவரியான பரப்பில் அழுக்கு ஏறினால் துடைத்தும் போகாது. அளவு சரியா என்று மாதிரி பார்க்க ஒன்று பிரிண்ட் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், அதற்கு அது அருமை.

சாதா இரும்பில் பெயிண்ட் அடித்துச் செய்யலாமா என்று யாரோ தனியாகக் கேட்டார்கள். செய்யலாம். மூத்திரம் சிந்தும், பினாயில் படும், பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் பிளீச்சிங் தண்ணீர் போட்டுத் துடைத்தால் நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்துவிடுங்க, இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

பவானிக்காரன்:

எந்தப் பக்கம் மாட்டுவது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் அம்மிச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, சுவர்ப்பக்கமாக மாட்டியிருந்தோம். யார் காலும் படாது, வருகிறவர்கள் கண்ணிலும் படாது. அவருக்கு அந்தக் கூச்சம் பெரிசாக இருந்தது.

வார்டு அக்கா:

அம்மிச்சி எழுந்து நடப்பவரா, படுத்தே இருந்தவரா? படுத்தே இருப்பவருக்குச் சுவர்ப்பக்கம் சரி. இவர் நடக்கிறவர். இறங்கும் பக்கம்தான் மாட்டணும், டியூப் ஒட்டியிருக்கும் தொடையும் அதே பக்கம். எதிர்ப்பக்கம் மாட்டினால் இறங்கும் ஒவ்வொரு தடவையும் டியூப் உடம்பைச் சுற்றி வரும். தலைமாட்டில் வேண்டாம், முழங்கால் நேருக்கு வையுங்கள். டியூப் மெத்தை மேல் கொஞ்ச தூரம் ஓடி, விளிம்பைத் தாண்டி நேராகக் கீழே பைக்கு இறங்கணும். விளிம்புக்குக் கீழே தொங்கி, திரும்ப மேலேறி பைக்குள் போகிற மாதிரி வளையம் விழக்கூடாது. அந்த வளையத்தில் மூத்திரம் தேங்கி ஓட்டத்தையே நிறுத்திவிடும். மிச்ச நீளத்தைச் சுருட்டி மெத்தை மேலேயே படுக்க வையுங்கள்.

கூச்சத்துக்கு ஒரு துணி உறை போட்டுவிடுங்கள், மேலே திறந்தபடி. எவ்வளவு நிறைந்திருக்கிறது, என்ன நிறம் என்று நீங்கள் மட்டும் தூக்கிப் பார்த்தால் போதும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், 1300 மில்லி வாக்கில். அதற்கென்று ஒரு மக் தனியாக வைத்து, திறப்பின் நுனி மக்கில் படாமல் இறக்குங்கள். முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவணும். டியூபையும் பையையும் தேவையில்லாமல் பிரிக்காதீர்கள்.

பனியன் கட்டிங், திருப்பூர்:

தொடைப்பட்டைக்கு நான் வழி சொல்கிறேன். ஜட்டி இடுப்புக்குப் போடும் இரண்டங்குல எலாஸ்டிக் எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்டில் கிலோக்கணக்கில் கிடக்கும். தொடைச் சுற்றளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் வெல்க்ரோ, நடுவில் டியூபைச் சுற்றிப் பிடிக்க இன்னொரு சின்ன வெல்க்ரோ நாக்கு. எந்த டெய்லரும் அடித்துத் தருவார். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கணும். நாக்கு டியூபை நசுக்கக் கூடாது, நகராமல் பிடித்தால் போதும். நாலைந்து அடித்துவைத்துக்கொண்டால் தினம் ஒன்றைத் துவைத்து மாற்றலாம். என் மாமனாருக்குப் பிளாஸ்டர் ஒட்டி எடுத்து ஒட்டி எடுத்துத் தொடைத் தோலே போய்விட்டது. அதிலிருந்து இதுதான்.

தாராபுரத்தான்:

கயிற்றுக் கட்டிலுக்கு ஒரு நல்ல பிளாஸ்டிக் வாளி போதுங்க. மூத்திரப் பைக்கென்றே ஒதுக்கிய சுத்தமான வாளி. பையின் வெள்ளைக் கொக்கியை வாளி விளிம்பில் மாட்டி உள்ளே தொங்கவிடுங்கள், தரையில் படாது. உயரமான வாளியாக எடுத்தால் பை மடங்காது. அடியில் ஒரு கல் வைத்தால் காற்றுக்கும் சாயாது. விளிம்பு கட்டிலின் சட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கணும், அதை மட்டும் பாருங்கள். வாசலில் ஆடு கட்டியிருக்கிறீர்களா? குட்டி எதையும் கடித்துப் பார்க்கும். டியூபை விட்டுவைக்காது.

மஞ்சக்காட்டான்:

ஆடு இரண்டு, குட்டி மூன்று இருக்கிறது. மதியத்துக்குப் பட்டியை மாற்றிவிடுகிறேன்.

கொக்கி வந்துவிட்டது, அண்ணா சொன்ன அளவிலேயே. தண்ணீர் ஊற்றிய பழைய பையை மாட்டிப் பார்த்தோம், காலால் இடித்தும் பார்த்தோம். ஆடுகிறது, விழவில்லை. மேலே இழுத்தால் கழல்கிறது. டெய்லரிடம் எலாஸ்டிக்கும் கொடுத்தாகிவிட்டது. இப்போது புதுத் தொல்லை கொசுவலை. வலையை மெத்தைக்கு அடியில் செருகினால் டியூபையும் சேர்த்து நசுக்குகிறது.

வார்டு அக்கா:

டியூப் வெளியே வரும் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் வலையைச் செருகாதீர்கள். இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போட்டு வலையை டியூபின் மேலேயே தொங்கவிடுங்கள். ராத்திரி எழும்போது டியூப் அந்த வாயில் சிக்காமல் வருகிறதா என்று ஒரு தடவை அப்பாவையே இறங்கச் சொல்லிப் பாருங்கள். படுத்ததும் பையில் சொட்டு விழுகிறதா என்று பார்க்கும் பழக்கம் வரட்டும். ரெண்டு மூணு மணி நேரமாக ஒன்றும் இறங்கவில்லை என்றால் மடங்கியிருக்கிறதா பாருங்கள். மடங்காமலும் இறங்கவில்லை, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கிறது, இல்லை ரத்தக் கட்டி வருகிறது, குளிரெடுக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஆட்டோவில் பையை மடியில் வைக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொள்ளணும்.

நாமக்கல் பாடி ஷாப்:

இந்தக் கொக்கியையே என் தம்பிக்கும் போடலாமா? விலாவில் டியூப் போட்டு, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் விட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பாட்டிலைத் தரையில்தான் வைத்திருக்கிறார்கள். நானே ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டுபோய் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

வார்டு அக்கா:

அதைத் தொடாதீர்கள் தம்பி. அது நெஞ்சுக்கூட்டிலிருந்து காற்றும் நீரும் வெளியேறும் டியூப். டியூபின் நுனி பாட்டில் தண்ணீருக்குள் முங்கியே இருக்கணும். பாட்டில் சாய்ந்து நுனி வெளியே வந்தால் வெளிக்காற்று உள்ளே போய் நுரையீரல் சுருங்கும். நேராக நிற்கணும், நெஞ்சுக்குக் கீழே இருக்கணும். அதனால்தான் தரையில் வைக்கிறார்கள், அதற்கென்றே தாங்கியும் உண்டு. வார்டு சிஸ்டரிடம் அந்தத் தாங்கியைக் கேளுங்கள், அவர்களே வைத்துத் தருவார்கள்.

பித்தநீர், சிறுநீரகம் என்று வயிற்றிலோ முதுகுப்பக்கத்திலோ துளை போட்டுவிடும் டியூபுக்கு இந்தக் கொக்கி ஆகும், உடம்பில் டியூப் நுழையும் இடத்தை விடப் பை தாழ்ந்திருந்தால் சரி. ஆனால் அந்த டியூப்களில் சிலவற்றுக்குப் பலூன் கிடையாது. நுனிச் சுருளோ தையலோ பிளாஸ்டரோதான் பிடிமானம். போட்ட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.