ஜப்பான்: ஸ்டேஷன் கேட்ல கார்டு எடுக்கல, வெளிய வர முடியல. அவசரம்

பாலாறு84
எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான்ல இருக்கோம். ரயில்ல இறங்கி வெளிய போகலாம்னு காசு ஏத்தின ரயில் கார்டை வெச்சா கேட் சிவப்பு லைட் போட்டு மூடிக்குது. நாலஞ்சு தடவை வெச்சுப் பாத்தாச்சு. கார்டுல காசு இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் எல்லா இடத்துலயும் வேலை செஞ்சுது. கேட் ஓரமா ஒரு ஊழியர் இருக்கார், அவர் சொல்றது ஒண்ணும் புரியல. அம்மாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

சேலம் பயணி
காசு இருக்குன்னா எவ்வளவு இருக்கு? ஏறும்போது கொஞ்சம் இருந்தாலே உள்ள விட்டுடும். இறங்கும்போதுதான் முழு டிக்கெட் காசையும் கழிக்கும். பத்தலைன்னா மூடிடும். கேட்டுக்கு உள்பக்கமே குறையற காசைக் கட்டற மெஷின் இருக்கும், கார்டைப் போட்டு நோட்டைப் போடுங்க. எனக்கு ரெண்டு தடவை இதேதான் ஆச்சு. நூத்துக்குத் தொண்ணூறு இதுதான்.

நெல்லைக்காரி
எந்த ஊரு, எந்த ஸ்டேஷன், எங்கேருந்து வாறீங்க? ஒண்ணுமே சொல்லலையே. கார்டா, இல்ல போன்ல ஏத்தினதா?

மவுண்ட்ரோடு
பர்ஸோட வெக்கிறீங்களா? பர்ஸுக்குள்ள பேங்க் கார்டு, ஓட்டல் ரூம் கார்டு எல்லாம் சேந்து இருந்தா மெஷின் குழம்பிடும். தனியா எடுத்து, ஒரு நொடி அழுத்தி வெச்சு எடுங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் சும்மா உரசிட்டுப் போயிடறோம்.

வல்வை
கார்ட் என்ன நிறம்? செர்ரிப் பூப்போட்ட சிவப்புக் கார்ட் எண்டால் அது சுற்றுலாக்காரருக்கு எண்டு குடுக்கிறது, 28 நாள்தான் செல்லும். வந்து எத்தினை நாள் ஆச்சு?

பாலாறு84
பச்சை கலர், பென்குயின் படம் போட்டது. பர்ஸ்ல இல்ல, கையிலதான் இருக்கு. ஆறாயிரம் யென்னுக்கு மேல இருக்கு. வந்து ஒரு வாரம்கூட ஆகல.

வல்வை
அப்ப அது சுயிகா எண்டுற சாதாரண ரயில் கார்ட். அதுக்கு 28 நாள் கணக்கு இல்லை. என்ர யோசனையை விடுங்கோ.

மவுண்ட்ரோடு
அப்போ கார்டு பழுதுதான். உள்ள இருக்கற சிப் வளைஞ்சா போயிடும். பின் பாக்கெட்ல வெச்சு உக்காந்தீங்களா? டெபாசிட் 500 யென் திருப்பித் தருவாங்க, புதுசு வாங்கிடுங்க.

நெல்லைக்காரி
ஒரு கார்டு மட்டும் எடுக்கலையா, கூட வந்த எல்லாருக்கும் அப்படியா? அதைச் சொன்னா பாதி தெளிஞ்சிரும். அப்புறம் ஒரே கார்டை ரெண்டு பேருக்கு மாத்தி மாத்தி வெச்சீங்களா? அங்க ஆளுக்கு ஒரு கார்டு கட்டாயம்.

ரயில்பித்தன்
இந்தக் குழுவுல ஜப்பான் ரயில் பத்தி நான் எழுதாத விஷயம் இல்ல. தேடிப் பாத்துட்டுக் கேக்கற பழக்கம் யாருக்கும் கிடையாது. எங்க ஏறினீங்க, எங்க இறங்கினீங்க, நடுவுல எங்க மாறினீங்க. இந்த மூணும் இல்லாம "கார்டு எடுக்கல"ன்னு எழுதினா எந்த நிபுணரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பதில் சொல்றவங்களும் சிப் வளைஞ்சுதுன்னு கதை விடாம இருக்கணும்.

நெல்லைக்காரி
அண்ணாச்சி, ஒரு வயசான அம்மா கேட்டுக்கு உள்ள நிக்காங்க. பாடம் அப்புறம் எடுக்கலாம்.

பாலாறு84
நாலு பேருக்கும் நாலு கார்டு. நாலுமே எடுக்கல. காலையில டோக்கியோ ஸ்டேஷன்ல ஏறினோம். புல்லட் ரயில் இல்ல, சாதா ரயில். அதாமியில எதிர் பிளாட்பாரத்துக்கு மாறினோம். மிஷிமாவுல இறங்கியிருக்கோம். தொங்குபாலம் பாக்கணும்.

ரயில்பித்தன்
இதை முதல்லயே எழுதியிருந்தா ஒரே பதில்ல முடிஞ்சிருக்கும். கார்டுல பழுது இல்ல. காசும் குறையல. நீங்க எல்லையைத் தாண்டிட்டீங்க.

டோக்கியோவுலேருந்து அதாமி வரைக்கும் சாதா ரயில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) கிழக்கு கம்பெனியோடது. அதாமியைத் தாண்டினதும் அதே தண்டவாளம் ஜேஆர் மத்திய கம்பெனியோடது. மிஷிமா அதாமிக்கு அடுத்து ரெண்டாவது ஸ்டேஷன். அங்க உள்ளூர் கார்டு டொய்கா. உங்க சுயிகா டொய்கா பகுதியிலயும் செல்லும், கியோட்டோ, ஒசாகாவுல இக்கோகா பகுதியிலயும் செல்லும். 2013 மார்ச்லேருந்து பத்து கார்டுகளை நாடு முழுக்கப் பொதுவாக்கிட்டாங்க. ஆனா ஏறற இடமும் இறங்கற இடமும் ஒரே பகுதிக்குள்ள இருக்கணும். டோக்கியோவுல தட்டி உள்ள போனா டோக்கியோ பகுதிக்குள்ளதான் தட்டி வெளிய வரணும். மிஷிமாவுல தட்டி ஏறி நுமாஸுவுல தட்டி இறங்கினா அதுவும் சரி. டோக்கியோவுல தட்டி மிஷிமாவுல இறங்கறதுக்கு மட்டும் வழி இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: கேட்டை விடுங்க, மெஷின் பக்கமும் போகாதீங்க, நேரா அந்த ஊழியர் ஜன்னலுக்குப் போங்க. நாலு கார்டையும் குடுங்க. "டோக்கியோ காரா" அப்படின்னு சொன்னா டோக்கியோவுலேருந்து வந்தோம்னு புரிஞ்சுக்குவார். "கென்கின் தெ ஹராய்மாஸ்"னா ரொக்கமா கட்டறோம்னு அர்த்தம். டோக்கியோ முதல் மிஷிமா வரைக்கும் முழு டிக்கெட் காசையும் யென் நோட்டா கட்டணும், கார்டுலேருந்து கழிக்க முடியாது. அபராதம் கிடையாது. காசு கட்டினதும் ஆளுக்கு ஒரு அத்தாட்சிச் சீட்டு கேட்டு வாங்குங்க. அதைத் தொலைக்காதீங்க. கார்டுல "டோக்கியோவுல உள்ள போனான், வெளிய வரல"ன்னு பதிவு நிக்குது. அந்தச் சீட்டைக் காட்டி டோக்கியோ பக்கத்து ஸ்டேஷன்ல அழிச்சாதான் மறுபடி ரயிலுக்குக் கார்டு திறக்கும்.

வல்வை
ஒரு நாட்டுக்குள்ள, ஒரே தண்டவாளத்தில ஏன் இப்பிடி? ஜெர்மனியிலயும் ஆயிரம் குழப்பம் இருக்கு, ஆனா ஆள் உள்ளுக்க மாட்டுப்படுகிறது இல்லை.

ரயில்பித்தன்
1987 ஏப்ரல்ல அரசு ரயில்வேயைப் பிரிச்சு ஆறு பயணிகள் கம்பெனியும் ஒரு சரக்குக் கம்பெனியும் ஆக்கினாங்க. பெரும்பாலான பயணிகள் கம்பெனிங்க தனக்குத் தனக்குன்னு கார்டு கொண்டு வந்துச்சு: சுயிகா 2001, இக்கோகா 2003, டொய்கா 2006. கேட்ல நீங்க நடந்துக்கிட்டே தட்டறீங்க, கண் சிமிட்டற நேரத்துல காசைக் கணக்குப் போட்டுக் கழிக்கணும். நாட்டுல இருக்கற எல்லா ஸ்டேஷனுக்கும் எல்லா ஸ்டேஷனுக்குமான கட்டணத்தை ஒவ்வொரு கேட்டுக்குள்ளயும் வெக்கறது லேசான காரியமில்ல. அதனால பகுதி பகுதியா வெட்டிட்டாங்க. அதாமியில பிளாட்பாரம் மாறும்போது நடுவுல கேட் எதுவும் வராது, அதனால வெளியூர்க்காரங்களுக்கு எல்லை கண்ணுக்கே தெரியாது. பேப்பர் டிக்கெட் எடுத்திருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

சேலம் பயணி
இதுக்குத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஜேஆர் பாஸ், அதாவது இத்தனை நாளைக்குன்னு ஜேஆர் ரயில்ல இஷ்டத்துக்குப் போற சீட்டு, வாங்கிட்டுப் போங்கன்னு. 2019ல நாங்க குடும்பமா போனோம். பாஸைக் காட்டினோம், போனோம், வந்தோம். எல்லை, பகுதி, ஒரு தலைவலியும் கிடையாது.

ரயில்பித்தன்
2019 கணக்கை இன்னைக்குச் சொல்லாதீங்க. அப்போ ஏழு நாள் பாஸ் 30,000 யென்னுக்குக் கீழ. 2023 அக்டோபர்ல 50,000 ஆக்கிட்டாங்க. டோக்கியோவுலேருந்து கியோட்டோ போய்த் திரும்ப ஆளுக்கு 28,000 சுமார். ஹிரோஷிமா வரைக்கும் போய்த் திரும்பினாக்கூட 40,000 சுமார்தான். நாலு பேருக்கு எவ்வளவு வீணாகும்னு நீங்களே பாருங்க. ட்ராவல்ஸ்காரங்க இன்னமும் எல்லார் தலையிலயும் பாஸைக் கட்டறாங்க, அதைக் கேட்டுட்டு வந்து இங்க பரப்பறீங்க.

சேலம் பயணி
நான் யார் சொன்னதையும் பரப்பல. ஹிரோஷிமா, கனசாவா, டோக்கியோன்னு ஒரே வாரத்துல சுத்தறவங்களுக்கு இன்னமும் கட்டும். மியாஜிமா தீவுக்குப் போற ஜேஆர் படகும் பாஸ்ல சேத்தி. பணம் மட்டுமா கணக்கு? மொழி தெரியாத இடத்துல ஒவ்வொரு தடவையும் டிக்கெட் மெஷின் முன்னாடி நிக்கறதுக்கும் ஒரு விலை இருக்குல்ல?

ரயில்பித்தன்
பாஸ் இருந்தாலும் வேகமான புல்லட் ரயில் நொஸோமியில ஏறணும்னா தனியா காசு கட்டணும், டோக்கியோ–கியோட்டோ 4,960. அதுக்கும் மெஷின் முன்னாடிதான் நிக்கணும். கட்டாம போனா அதைவிட மெதுவான ஹிகாரி, கொதாமாதான்.

மவுண்ட்ரோடு
ஹிகாரிக்கு என்ன குறைச்சல்? அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதானே. ஊர் சுத்தத்தானே போறோம்.

நெல்லைக்காரி
ரெண்டு பேரும் பாஸ் சண்டையை வேற இழையில வெச்சுக்கோங்க. பாலாறு, வெளிய வந்துட்டீங்களா? அம்மா எப்படி இருக்காங்க? தெற்கு வாசல்ல ஸ்கைவாக் தொங்குபாலத்துக்குப் போற பஸ் நிக்கும். 400 மீட்டர் பாலம், அம்மாவால முழுக்க நடக்க முடியலைன்னா இந்தப் பக்கமே உக்கார இடம் இருக்கு. ஃபுஜி மலை தெரியணும்னா காலையிலயே போயிருங்க, வெயில் ஏற ஏற மேகம் மூடிக்கிடும்.

அடுத்து கியோட்டோன்னா மிஷிமாவுலேருந்தே ஷின்கான்சென் (புல்லட் ரயில்) இருக்கு, டோக்கியோவுக்குத் திரும்ப வேண்டாம். நொஸோமி அங்க நிக்காது. கொதாமாவுல ஏறி நகோயாவுல மாறிக்கோங்க. ஜன்னல் சீட்டு E எழுத்துல கேளுங்க, அந்தப் பக்கம்தான் மலை. மிஷிமா தாண்டி ஷின்-ஃபுஜி பக்கத்துல நல்லாத் தெரியும். பெரிய பெட்டி இருந்தா, நீளம் அகலம் உயரம் கூட்டி 160 சென்டிமீட்டர் தாண்டினா அதுக்குன்னு உள்ள சீட்டை முன்கூட்டியே எடுக்கணும். இல்லேன்னா ஓட்டல்லயே குடுத்து அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிரலாம், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேந்துரும். வயசானவங்களோட போறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

வல்வை
அம்மா சைவமோ? எண்டால் கவனம். ஸ்டேஷன் கடையில உடொன், சோபா நூடுல்ஸ் மரக்கறி எண்டு தந்தாலும் அந்தச் சாறு கருவாட்டில காய்ச்சினது. காய்ஞ்ச மீனைச் சீவிப் போட்டுத்தான் 'தாஷி' எடுக்கிறவை. புளிப்புப் பழம் வைச்ச சோத்துருண்டை ஒரு அவசரத்துக்கு உதவும். கியோட்டோவில அரஷியாமா போனால் தென்ரியூ கோயிலுக்குள்ள ஷிகெட்சு எண்டு ஒரு சாப்பாட்டிடம், புத்த பிக்குகள் முறையில முழுச் சைவம். என்ர மனிசிக்கு அங்கதான் வயிறு நிறைஞ்சது.

மவுண்ட்ரோடு
சோத்துருண்டையிலயும் சிலதுல மீன் சாறு சேக்கறாங்க. லேபிளைப் போன்ல படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாத்துட்டு வாங்கறது நல்லது.

வல்வை
அதுவும் சரி.

பாலாறு84
வெளிய வந்துட்டோம். ஜன்னல்ல "டோக்கியோ காரா" சொன்னதும் அவருக்குப் புரிஞ்சிடுச்சு, ரொம்ப மரியாதையா பாத்துக்கிட்டார். நாலு பேருக்கும் ரொக்கமா கட்டியாச்சு, ஆளுக்கு ஒரு சீட்டு குடுத்தார். அம்மாவுக்கு நாற்காலியும் போட்டுக் குடுத்தார். பஸ் வந்துடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரயில்பித்தன் சாருக்கும்.

ரயில்பித்தன்
நல்லது. ஒண்ணு கேக்க மறந்துட்டேன், பதில் போடுங்க. ஊருக்குத் திரும்பற விமானம் டோக்கியோவுலேருந்தா, ஒசாகாவுலேருந்தா? சீட்டை டோக்கியோ பக்கத்துல காட்டித்தான் பதிவை அழிக்கணும். இங்கேருந்து நேரா கியோட்டோ போய் ஒசாகாவுல விமானம் ஏறப் போறீங்கன்னா அந்த நாலு கார்டையும் நம்பி ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. கியோட்டோவுல இறங்கினதும் இக்கோகா வாங்கிடுங்க. 2,000 யென், அதுல 500 டெபாசிட், மீதி 1,500 செலவுக்கு.

நெல்லைக்காரி
கியோட்டோவுல பஸ்ஸும் மெட்ரோவும் மட்டும்தான்னா ஒரு நாள் பாஸ் 1,100 யென், ரெண்டுக்கும் செல்லும். முன்னாடி பஸ்ஸுக்கு மட்டும் தனியா ஒண்ணு இருந்துச்சு, அதை நிறுத்திட்டாங்க. ஃபுஷிமி இனாரி போறதுக்கு மட்டும் பாஸ் வேண்டாம். கியோட்டோ ஸ்டேஷன்ல நாரா லைன்ல ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன், இறங்கினா எதிர்லயே கோயில். விடிகாலையில போங்க, கதவு அடைக்கிறதே இல்ல.

சேலம் பயணி
பாலாறு, மொத்தம் எத்தனை ஊர் போறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பாஸ் கட்டுமா கட்டாதான்னு நான் கணக்குப் போட்டுக் காட்டறேன்.

ரயில்பித்தன்
அவங்க ஏற்கெனவே அங்கதான் இருக்காங்க, ஒரு வாரம் கிட்ட போயாச்சு. விமானம் எங்கேருந்துன்னு முதல்ல சொல்லட்டும்.